எந்த நாட்காட்டியில் எழுதிய நாள்?

பழைய ஆவணத்தில் காணும் தேதியை இன்றைய தேதியாக மாற்றுவது தீர்ந்துபோன சிக்கல் என்றொரு நம்பிக்கை நம் ஆய்வுலகில் வேரூன்றி வருகிறது. ஜூலியன் தேதியைக் கட்டத்தில் இட்டுப் பொத்தானை அழுத்தினால் கிரிகோரியன் தேதி வந்து விழுகிறது. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். முனைவர் பட்ட மாணவர் கேட்கிறார், அவருடைய நெறியாளர் கேட்கிறார், வரலாற்று இணையதளம் நடத்தும் ஆர்வலரும் கேட்கிறார். இம்மூவரோடும் நமக்கு ஒரு வழக்கு உண்டு.

மென்பொருளின் மீது நமக்குப் பகை கிடையாது. கொடுத்த கணக்கை அது சரியாகவே போடுகிறது. ஆனால் கணக்குக்கு முன்பு ஒரு கேள்வி நிற்கிறது: இந்தத் தேதியை எழுதியவன் எந்த நாட்காட்டியை வைத்துக்கொண்டு எழுதினான்? இதற்கு விடை ஆவணத்தில்தான் இருக்கிறது. ஆவணத்தைப் படிப்பது ஆய்வாளனின் தொழில். அந்தத் தொழிலைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு, பொறி தந்த எண்ணை உண்மை என்று அச்சேற்றுகிறோம். இது சோம்பல் மட்டுமன்று, சான்றழிப்பு என்பதே நமது வாதம்.

கணக்கு எளியது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுவோம். ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி கி.மு. 45 முதல் நடப்புக்கு வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டுவதால் அதன் சராசரி ஆண்டு 365.25 நாள். பருவங்களின் உண்மையான ஆண்டு இதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. அந்தப் பதினொரு நிமிடம் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் வேனிற்காலச் சமஇரவு நாளை மார்ச் 21இலிருந்து பத்து நாள் முன்னே தள்ளிவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் திருத்தம் செய்தார். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி என்றானது. நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே இனி மிகுநாள் ஆண்டுகள் என்று விதி செய்தார். அதனால் 1600, 2000 ஆகியவற்றில் பிப்ரவரி 29 உண்டு. 1700, 1800, 1900 ஆகியவற்றில் இல்லை.

இரு நாட்காட்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு 1582இல் பத்து நாள், 1700 பிப்ரவரி இறுதியிலிருந்து பதினொன்று, 1800இலிருந்து பன்னிரண்டு, 1900இலிருந்து பதின்மூன்று. பள்ளி மாணவன் தாளும் பென்சிலும் கொண்டு போடக்கூடிய கணக்கு. வானியலார் கி.மு. 4713 ஜனவரி முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் தந்திருக்கிறார்கள். நல்ல மென்பொருள்கள் பலவும் ஒரு நாட்காட்டியின் தேதியை இந்த நாளெண்ணாக மாற்றி, நாளெண்ணிலிருந்து மற்ற நாட்காட்டியின் தேதியைத் தருகின்றன. இந்த நாளெண்ணுக்கும் 'ஜூலியன் நாள்' என்றே பெயர். போதாக்குறைக்கு, கணினி அலுவலகங்களில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும் எண்ணையும் 'ஜூலியன் தேதி' என்று வழங்குகிறார்கள். ஒரே பெயரில் மூன்று பொருள்கள். பெயரிலேயே இத்தனை குழப்பம் இருக்கையில் பொத்தானை அழுத்துபவர் எதை மாற்றுகிறார் என்று அறிந்துதான் அழுத்துகிறாரா என்ற ஐயம் எழுவது இயல்பே.

ஒரே கடற்கரை, இரண்டு தேதிகள்

போப்பின் திருத்தத்தை எல்லா நாடுகளும் ஒரே நாளில் ஏற்கவில்லை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் உடனே ஏற்றன. பிரான்சு 1582 டிசம்பரில் மாறியது. டச்சு மாகாணங்களில் ஹாலந்து 1583 தொடக்கத்திலேயே மாறிவிட்டது. டென்மார்க் 1700 வரை காத்திருந்தது. இங்கிலாந்து 1752இல்தான் இறங்கி வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழன். ரஷ்யா 1918இல் மாறியது, கிரேக்கம் 1923இல். சுவீடன் நடுவழியில் மனம் மாறித் தடுமாறியதில், 1712இல் அந்நாட்டில் பிப்ரவரி 30 என்றொரு நாளே இருந்தது. அந்த நாளிட்ட சுவீடியக் கடிதத்தை இன்றைய மென்பொருளிடம் கொடுத்தால் 'தவறான தேதி' என்று திருப்பித் தரும். தவறு கடிதத்தில் இல்லை.

இந்த ஐரோப்பியக் குளறுபடி முழுவதும் சோழமண்டலக் கடற்கரையில் வந்து குவிந்தது. இந்நாட்டு வரலாற்றை ஆராய்வோர் இதை மேம்போக்காகக் கடந்துவிட முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் தேதி எழுதினார்கள். தெற்கே ஒரு பகல் நடைத் தொலைவில், கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில், ஆங்கிலேயர் ஜூலியன் தேதி எழுதினார்கள். நாகப்பட்டினத்து டச்சுக்காரர் புதிய கணக்கு. சென்னைப்பட்டினத்துக் கும்பினியார் பழைய கணக்கு. தரங்கம்பாடியில் டேனியர் 1700 பிப்ரவரி வரை பழைய கணக்கு, அதன்பின் புதிய கணக்கு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706 ஜூலை 9, சென்னைக் கோட்டையின் எழுத்தருக்கு 1706 ஜூன் 28.

இவ்வளவுக்கும் நடுவே கடலூர்க்காரனுக்கும் புதுச்சேரிக்காரனுக்கும் புரட்டாசி ஒன்றுதான், தீபாவளி ஒன்றுதான், வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான். கோட்டைக்குள்ளிருந்த பேரேடுகளில் மட்டும் பதினொரு நாள் விலகல். டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறித்துவைத்தார். இன்று ஆய்வேடு எழுதுபவர்களில் பலரிடம் காணக்கிடைக்காத கவனம் அது.

அடையாற்றுப் போர் என்று நடந்தது?

1746ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சென்னைக் கோட்டை லாபூர்தொனேயிடம் சரணடைந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டும் ஒரே புதன்கிழமை. பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதைத்த பெரும்புயல் பிரெஞ்சுக் கணக்கில் அக்டோபர் 13 இரவு, ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 2. ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படையைப் பாரடிஸின் சிறுபடை அடையாற்றங்கரையில் முறியடித்த நாள் ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 24, பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4.

இப்போது ஒரு மாணவர் புயலின் தேதியைப் பிரெஞ்சு நூலிலிருந்தும் போரின் தேதியை ஆங்கில நூலிலிருந்தும் எடுத்துத் தம் கால அட்டவணையில் இடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 13 புயல், அக்டோபர் 24 போர். இடைவெளி பதினொரு நாள். உண்மையான இடைவெளி இருபத்திரண்டு நாள். அந்த இருபத்திரண்டு நாளில்தான் லாபூர்தொனே சென்னையைக் கைவிட்டுக் கப்பலேறுகிறார், நகரம் டூப்ளேயின் ஆட்கள் வசமாகிறது, நவாபின் படை நகரத்தைச் சூழ்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் இந்த நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. புயல் அடித்த கையோடு நவாபின் படை பாய்ந்தது போன்ற ஒரு கதை பிறக்கிறது. அந்தக் கதைக்கு ஒரு காரணமும் கற்பிக்கப்படும். பின்னால் வருபவர் அந்தக் காரணத்தை மேற்கோள் காட்டுவார்.

மென்பொருள் இதைத் தடுக்குமா? தடுக்காது. இரண்டு தேதிகளும் அதற்கு ஒரே மாதிரியானவை. இரண்டையும் மாற்றச் சொன்னால் இரண்டுக்கும் பதினொன்று கூட்டும். மாற்ற வேண்டாம் என்றால் இரண்டையும் அப்படியே விடும். ஒன்றுக்குக் கூட்டி மற்றொன்றுக்குக் கூட்டாமல் விடவேண்டும் என்பதை, பேனா பிடித்த கை எந்தக் கோட்டைக்குரியது என்று அறிந்தவரே சொல்ல முடியும்.

இதைவிடக் கொடியது இரட்டை மாற்றம். நம் பார்வைக்கு வந்த ஆய்வேட்டு வரைவு ஒன்றில் அடையாற்றுப் போருக்கு 1746 நவம்பர் 15 என்று தேதி கண்டிருந்தது. எந்த மூலத்திலும் இல்லாத தேதி. நடந்தது என்னவென்றால், முன்னொருவர் அக்டோபர் 24ஐ நவம்பர் 4 ஆக்கி, மாற்றியதைக் குறிப்பிடாமல் விட்டிருக்கிறார். ஆய்வேட்டாளர் நவம்பர் 4ஐ ஆங்கிலத் தேதி என்று கருதி மீண்டும் மென்பொருளில் இட்டிருக்கிறார். பொறி பணிவோடு இன்னொரு பதினொரு நாளைக் கூட்டித் தந்துவிட்டது. இனி ஒருவர் வந்து மூன்றாம் முறையும் மாற்றினால் போர் கார்த்திகைத் தீபத்துக்கு அருகே போய்விடும்.

ஆர்க்காட்டுக் கோட்டையில் ஒரு சோதனை

விடை காணும் வழி இல்லாமலில்லை. ஆவணங்களுக்குள்ளேயே சாட்சிகள் இருக்கின்றன. 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் இருந்த கிளைவின் படையைச் சந்தா சாகிபின் மகன் ரஜா சாகிப் முற்றுகையிட்டு, இறுதித் தாக்குதல் நடத்தித் தோற்ற நாள் நவம்பர் 14 என்று ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாறு முதல் பள்ளிப் பாடநூல் வரை காண்கிறோம். இது எந்த நவம்பர் 14?

கணினியைக் கேட்டுப் பாருங்கள். ஜாவா மொழியின் பழைய நாட்காட்டி நிரல் 1582 அக்டோபர் 15ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்குப் பிற்பட்டது எதுவாயினும் கிரிகோரியன் என்றே கொள்ளும். ஆகவே அதன்படி 1751 நவம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை. பைத்தான் மொழியும் ஞாயிறு என்றே சொல்லும். யூனிக்ஸின் நாட்காட்டிக் கட்டளையோ இங்கிலாந்தின் 1752 மாற்றத்தை எல்லையாக வைத்திருப்பதால் அதே நாளை ஜூலியனாகக் கொண்டு வியாழக்கிழமை என்று சொல்லும். மூன்று பொறிகள், இரண்டு விடைகள். எந்தப் பொறியும் 'நான் இப்படி அனுமானித்துக்கொண்டேன்' என்று விடையோடு சொல்வதில்லை.

இனி மூன்றாவது ஒரு சாட்சியை அழைப்போம். இறுதித் தாக்குதல் மொகரம் நாட்களில் நிகழ்ந்தது, அந்த உணர்ச்சிப் பெருக்கே படைவீரரை மூர்க்கமாக உந்தியது என்று அதே ஓர்ம் எழுதுகிறார். ஹிஜ்ரி 1165ஆம் ஆண்டின் மொகரம் முதல் நாள் கணக்குப்படி கிரிகோரியன் 1751 நவம்பர் 20. பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். நவம்பர் 14 கிரிகோரியன் தேதி என்றால் மொகரம் பிறக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது, கதை பொருந்தவில்லை. அது ஜூலியன் தேதி என்றால் கிரிகோரியன் நவம்பர் 25. மொகரம் ஆறாம் நாளாக, பத்து நாள் துயர்க்காலத்தின் நடுவே சரியாக வந்து அமர்கிறது. எனவே ஓர்ம் எழுதிய நவம்பர் 14 பழைய கணக்கு; கிழமை வியாழன்.

இந்த முடிவுக்கு வருவதற்கு வேண்டியிருந்தவை எவை? ஓர்மை ஒரு பத்தி கூடுதலாகப் படித்தல், ஹிஜ்ரி நாட்காட்டி என்றொன்று இருப்பதை நினைத்துப் பார்த்தல், ஒரு கழித்தல் கணக்கு. கணினி இங்கே பயன்படவில்லை என்று சொல்லமாட்டோம்; ஹிஜ்ரி கணக்கை அது நொடியில் போட்டுத் தரும். ஆனால் அதை எங்கே நிறுத்தி எதைக் கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிழமை எனும் சாட்சி இன்னும் எளியது. 1582இலும் 1752இலும் தேதிகள் தாவினவே தவிர, கிழமை வரிசை ஒருபோதும் அறுபடவில்லை. 1746 செப்டம்பர் 10 புதன் என்று ஒரு தாளில் இருந்தால் அது ஜூலியன். சனி என்று இருந்தால் கிரிகோரியன். ஆவணத்தில் கிழமை இருந்தால் அதுவே நாட்காட்டியின் கைரேகை. ஆனால் நம் தரவுத்தளங்களில் முதலில் களையப்படுவது கிழமைதான். பொறியே கிழமையைக் கணித்துத் தருமே, எதற்குத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது நியாயம். பொறி கணித்த கிழமை பொறியின் அனுமானத்துக்கு மட்டுமே சாட்சி, ஆவணத்துக்கு அன்று.

பிப்ரவரி முந்தியதா, ஆகஸ்டு முந்தியதா?

நாள் மட்டுமா மாறுகிறது? ஆண்டே மாறுகிறது. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரையான நாட்கள் முந்தைய ஆண்டின் எண்ணையே தாங்கின. பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் சென்னைக் கடற்கரையில் குடியேற வந்தது இன்றைய கணக்கில் 1640 பிப்ரவரி. அன்றைய ஆங்கிலேயரின் முறையில் அது 1639 பிப்ரவரி. தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் நிலம் வழங்கியதாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த பிப்ரவரி அது. ஆண்டுத் தொடக்கம் அறியாத பொறியில் '1639 பிப்ரவரி' என்று இட்டு வரிசைப்படுத்தினால், நிலம் கிடைப்பதற்கு ஆறு மாதம் முன்னரே கும்பினியார் வந்து கோட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள்! பத்து நாள் மாற்றத்தைத் துல்லியமாகச் செய்யும் நிரல் பன்னிரண்டு மாதப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

அந்த ஆகஸ்டுத் தேதியையும் சற்று உரசிப் பார்ப்போம். 2004 முதல் ஆகஸ்டு 22ஐச் சென்னை நாள் என்று கொண்டாடுகிறோம். சாசனப் படியில் ஜூலை 22 என்று இருப்பதாகவும், டே ஜூலை 27 அன்றுதான் வந்து சேர்ந்தார் என்பதால் அது ஆகஸ்டாகவே இருக்கவேண்டும் என்றும் நெடுநாளாக ஒரு விவாதம் உண்டு. மென்பொருளிடம் ஜூலை 22ஐக் கொடுத்தால் ஆகஸ்டு 1 என்று மாற்றித் தரும். ஆகஸ்டு 22ஐக் கொடுத்தால் செப்டம்பர் 1 என்று மாற்றித் தரும். இரண்டையும் ஒரே உறுதியோடு தரும். எது சரியான மாதம் என்ற கேள்வி அதன் காதில் விழாது.

ஆம், 1639 ஆகஸ்டு 22 ஜூலியன் தேதி. நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் அது செப்டம்பர் 1. விழாவைச் செப்டம்பருக்கு மாற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11; அமெரிக்கர் அதை 1732 பிப்ரவரி 22 என்று மாற்றிக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியர் மறைந்த 1616 ஏப்ரல் 23 ஜூலியன் தேதி. அதை யாரும் மே 3 ஆக்கவில்லை. செர்வாண்டிஸ் அடக்கமான ஏப்ரல் 23 கிரிகோரியன் தேதி. பத்து நாள் இடைவெளி கொண்ட இரண்டு நாட்களை ஒரே நாளாக்கித்தான் உலகப் புத்தக நாளின் பெருமையைப் பேசுகிறோம். கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று மேடைதோறும் முழங்குவதற்கும் இதே கதி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 கிரிகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4.

இவற்றிலிருந்து தெரிவது ஒன்று. எந்தத் தேதியை மாற்றுவது, எதை விடுவது என்பது மனிதர் கூடி எடுக்கும் முடிவு. முடிவு எடுக்கலாம், குற்றமில்லை. எடுத்ததை மறைப்பதும், அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதே தெரியாமல் பின்பற்றுவதும்தான் குற்றம்.

கல்வெட்டுக்கு வந்த சோதனை

ஐரோப்பியர் வரவுக்கு முற்பட்ட தமிழகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணவேண்டாம். அங்கே வேறு வடிவில் காத்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளின் காலத்தைக் கணித்த கீல்ஹார்ன், சூவெல், 700 முதல் 1799 வரையான பஞ்சாங்க அட்டவணைகளை 1922இல் வெளியிட்ட எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை ஆகியோர் 1582க்கு முற்பட்ட காலத்தை ஜூலியன் நாட்காட்டியிலேயே தந்தார்கள். உலக வரலாற்று ஆய்வின் பொதுவழக்கும் அதுவே. முதலாம் இராசராசன் அரியணை ஏறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்ற கீல்ஹார்ன் முடிவும் ஜூலியன் கணக்குதான்.

பைத்தான் போன்ற மொழிகளோ கிரிகோரியன் நாட்காட்டியைக் கி.பி. முதல் ஆண்டுவரை பின்னோக்கி நீட்டிக்கொள்கின்றன. இராசராசன் அரியணை ஏறிய ஆண்டில் இரண்டுக்கும் வேறுபாடு ஐந்து நாள். அந்த நிரலை அடியில் வைத்துக் கட்டிய பஞ்சாங்க மென்பொருளில் ஒரு கல்வெட்டின் திதியையும் நட்சத்திரத்தையும் இட்டுத் தேடுபவர், அச்சில் உள்ள தேதியிலிருந்து சில நாள் தள்ளி ஒரு விடை பெறுகிறார். உடனே நூறாண்டுக்கு முந்தைய அறிஞரின் 'பிழை'யைத் திருத்தி அறிக்கை விடுகிறார். திருத்தப்பட்டது எதுவுமில்லை, இரண்டும் ஒரே நாளின் இரண்டு பெயர்கள். கையால் கணித்த அறிஞர் தம் நாட்காட்டி எது என்பதில் ஒருபோதும் குழம்பவில்லை. கணினியில் கணித்த திருத்தக்காரருக்கோ தாம் எந்த நாட்காட்டியில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை.

இங்கே ஊர் வழக்கம் நம்மைவிட அறிவுள்ளதாக இருக்கிறது. தஞ்சையில் இராசராசனுக்கு ஐப்பசிச் சதயத்தில் விழா எடுக்கிறார்கள். அந்த நாளைப் போப்பும் சீசரும் தொட முடியாது.

மறுப்பாளருக்கு விடை

பதினொரு நாளில் குடிமுழுகிப் போய்விடுமா என்று சிலர் கேட்பார்கள். இலக்கிய வரலாற்றில் நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிடும் நமக்கு, வாரக் கணக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் போர், உடன்படிக்கை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் எது முந்தியது எது பிந்தியது என்பதிலேயே பொருள் அடங்கியிருக்கிறது. பதில் கடிதம், அது பதில் சொல்லும் கடிதத்துக்கு முன்னால் போய்விட்டால் எழுதியவர் தீர்க்கதரிசி ஆகிவிடுவார்.

எல்லாவற்றையும் கிரிகோரியனாக்கி ஒரே சீராக வைப்பதே தரவுத்தளத்துக்கு வசதி என்பார் வேறு சிலர். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் துணைக்கு அழைக்கும் ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரமே, 1583க்கு முற்பட்ட ஆண்டுகளைப் பரிமாறிக்கொள்வோர் தமக்குள் உடன்பட்ட பிறகே எழுதலாம் என்று விதிக்கிறது. தரம் வகுத்தவர்களுக்கு இருந்த தயக்கம், அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இல்லை. மேலும், மூலத் தேதியை வைத்துக்கொண்டு அருகில் மாற்றிய தேதியை எழுதுவதை எந்தத் தரவுத்தளம் தடுக்கிறது? ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. மூலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மாற்றியதை மட்டும் வைத்தால், எத்தனை நாள் கூட்டப்பட்டது, கூட்டப்பட்டதா இல்லையா என்று பின்னர் எவராலும் மீட்டெடுக்க முடியாது.

எக்செல் அட்டவணையில் போட்டு வரிசைப்படுத்திவிட்டோம் என்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். எக்செலின் தேதிக் கணக்கு 1900 ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட தேதி அதற்கு வெறும் எழுத்துக்கோவை. அகரவரிசை போல அடுக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். லோட்டஸ் என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, வரலாற்றிலேயே இல்லாத 1900 பிப்ரவரி 29ஐயும் அது இன்றுவரை வைத்திருக்கிறது. இருந்த நாளை ஏற்காமல் இல்லாத நாளை வைத்திருக்கும் கருவியிடம் பதினெட்டாம் நூற்றாண்டை ஒப்படைப்பதற்குமுன் ஒருமுறை யோசிக்கலாம்.

நாம் கேட்பது

நெறியாளர்களிடமும் பதிப்பாசிரியர்களிடமும் நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: மூலத்தில் உள்ள தேதியை, கிழமையும் தமிழ்த் தேதியும் இருந்தால் அவற்றோடும், உள்ளது உள்ளபடி அச்சிடுங்கள்.

இரண்டு: அது எந்த நாட்காட்டி, ஆண்டு எந்த நாளில் தொடங்குவது என்று சொல்லுங்கள், எப்படி அறிந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

மூன்று: மாற்றினால் மாற்றிய தேதியை மூலத்துக்கு அருகில் தனியாகக் காட்டுங்கள். எந்தக் கருவி, அதன் எல்லைக்கோடு எந்த ஆண்டு என்பதைக் குறிப்பிடுங்கள்.

நான்கு: எந்த நாட்காட்டி என்று முடிவு செய்ய இயலவில்லையெனில் மாற்றாதீர்கள். மாற்றாத தேதி ஆய்வுக்குத் திறந்த கதவு; தவறாக மாற்றிய தேதி பூட்டிய கதவு, திறவுகோலும் கிணற்றில்.

மென்பொருள் எழுதும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விடை தருவதற்கு முன் உங்கள் பொறி ஒரு கேள்வி கேட்கட்டும்: 'இதை எழுதியவர் எந்த ஊரில் இருந்தார், யாருடைய பணியில் இருந்தார்?' அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர் பொத்தானை அழுத்த முடியாமல் போகட்டும். நாட்டின் பெயரையும் ஆண்டையும் கேட்டாலே பாதித் தவறுகள் வாசலோடு நின்றுவிடும்.

புதுச்சேரியில் வணிகம் பார்த்துக்கொண்டு, கப்பல் வரவும் அரண்மனைச் சூழ்ச்சியும் எழுதிக்கொண்டிருந்த ஒரு துபாஷி, தம் நாளொன்றுக்கு ஐரோப்பியப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதிவைத்தார். அவர் தந்த மூன்று சாட்சிகளில் இரண்டை நாம் துடைத்துவிட்டு, மூன்றாவதை ஒரு பொறியிடம் கொடுத்து மாற்றி வாங்கி, அதற்கு ஆய்வு என்று பட்டமும் பெறுகிறோம். பட்டம் தருகிறவர்களும் பெறுகிறவர்களும் இதற்கு விடை சொல்லட்டும்.